பாசறையில் மலைநாட்டு நினைவு

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுபவர்கள் அரசர்களும் தளபதிகளும் அமைச்சர்களுமே. எந்தப் போர் எந்த ஆண்டில் மூண்டது, எந்த உடன்படிக்கையால் முடிந்தது என்பன தேர்வுக்கு வேண்டியவை. அப்போரில் துப்பாக்கி ஏந்தி நின்றவன் காலையில் என்ன உண்டான், இரவில் எங்கே படுத்தான், கண்ணை மூடினால் எந்த ஊரைக் கண்டான் என்று நாம் கேட்பதில்லை. பாசறையில் உறக்கமின்றி இருந்த வேந்தனை நம் பழந்தமிழ்ப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அவ்வேந்தனின் பாசறையில் காவல் நின்ற வீரன் யாரை எண்ணி உறங்காதிருந்தான் என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாமானியப் போர்வீரன் நூல் எழுதி வைப்பதில்லை. அவனைப் பற்றிக் கல்வெட்டும் பேசுவதில்லை. ஆயினும், 1914ஆம் ஆண்டு தொடங்கிய முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டுக்குச் சென்ற இந்திய வீரர்களின் மனத்தை ஓரளவு அறிய நமக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழி எப்படி வாய்த்தது என்பது ஒரு விந்தையான செய்தி. அதற்கு முன், அவ்வீரர்களுள் ஒரு கூட்டத்தாரை நீங்கள் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அவர்கள் இமயமலைச் சாரலைச் சேர்ந்த கார்வால் நாட்டினர்.

கார்வால் இன்று உத்தராகண்ட் மாநிலத்தின் மேற்குப் பகுதி. நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா முதலிய பனிச்சிகரங்கள் அந்நாட்டின் வடபால் மதில் போல் நிற்கின்றன. அலகநந்தாவும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் கூடிக் கங்கை என்னும் பெயர் பெறுவதும் அந்நாட்டில்தான். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல்லடுக்கி, அந்த ஏணிப்படி வயல்களில் அம்மக்கள் பயிரிட்டனர். அவர்கள் உண்ட மண்டுவா வேறெதுவும் அன்று, நம் கேழ்வரகே. ஜங்கோரா என்பது நம் குதிரைவாலியே. பனிமலை நாட்டானும் நம் கொங்கு நாட்டு உழவனும் ஒரே தானியத்தால் உயிர் வளர்த்தவர்கள் என்பது நினைக்கத்தக்கது. வயல் சிறிது, மண் மெலிது, குடும்பமோ பெரிது. விறகும் புல்லும் சுமப்பது, நீர் கொண்டு வருவது, களை பறிப்பது ஆகிய வேலைகளில் பெரும்பகுதி பெண்கள் தோளில் விழுந்தது. ஆண்மகன் கையில் காசு பார்க்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டும். இறங்கியவர்களுள் பலர் நாடிய இடம் படை.

1887ஆம் ஆண்டில் அல்மோராவில் கார்வாலியருக்கென ஒரு பட்டாளம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அது காலுடாண்டா என்னும் மலையிடத்துக்குக் குடியேறியது. அப்போதைய வைசிராயின் பெயரால் அவ்விடம் பின்னர் லான்ஸ்டவுன் எனப்பட்டது. போர் மூண்டபோது 39ஆம் கார்வால் ரைபிள்ஸ் எனப் பெயர்கொண்டிருந்த அப்படையில் இரண்டு பட்டாளங்கள் இருந்தன. சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். இன்று அது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் மழை பொய்த்த ஆண்டில் ஏணிப்படி வயலைக் காப்பாற்றியது தபால்காரர் கொண்டுவந்த மணியார்டர்தான்.

1914 இலையுதிர் காலத்தில் அவர்கள் கராச்சியில் கப்பலேறினார்கள். செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியரின் எம்டன் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்ததை நம் பாட்டனார் காலத்தவர் மறக்கவே இல்லை. கடலில் அத்தகைய அச்சம் நிலவிய நாள்களில்தான், கடலையே அதுவரை கண்டிராத மலைமக்கள் மேற்கு நோக்கிப் பயணம் செய்தார்கள். அக்டோபர் நடுவில் பிரான்சின் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கே பழைய துப்பாக்கிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டார்கள். மாத முடிவுக்குள் வடக்கே பெல்ஜிய எல்லைக்கு அண்மையிலுள்ள நூவ் ஷப்பேல் என்னும் சிற்றூரின் அருகே போர்முனையில் நின்றார்கள்.

அந்நிலம் எப்படிப்பட்டது? கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. மேடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. திசை தெரியாவிட்டால் பனிச்சிகரத்தை நோக்கித் திசை அறிந்தவனுக்கு அங்கே நிமிர்ந்து பார்க்க ஒன்றுமே இல்லை, நிமிரவும் கூடாது. தலையை உயர்த்தியவனை எதிரியின் குறிகாரன் சுட்டு வீழ்த்துவான். இரண்டு மூன்று அடி தோண்டியதும் தண்ணீர் ஊறும் களிமண் தரை அது. ஆதலால் பதுங்குகுழி பாதி குழியாகவும் பாதி மணல்மூட்டைச் சுவராகவும் அமைந்தது. அதனுள் முழங்காலளவு சேற்றில் வீரர்கள் நின்றார்கள்.

அவர்களுடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன்பே எல்லோரும் துப்பாக்கியுடன் சுவரோரம் நிற்க வேண்டும்; எதிரி தாக்கும் நேரம் அது. நன்றாக விடிந்த பின், காவலருக்குரியவர் நிற்க, மற்றவர்கள் துப்பாக்கியைத் துடைத்துச் சேறு நீக்குவார்கள். பின்னணியில் சமையற்காரர் சுட்ட சப்பாத்தியும் பருப்பும் இரவிலேயே வந்து சேர்ந்திருக்கும். உண்ணும்போது ஆறிக் குளிர்ந்திருக்கும். அரசாங்கம் கோதுமை மாவு, நெய், வெல்லம், பருப்பு ஆகியவற்றை முயன்று அனுப்பியது. ஒவ்வொரு சமயத்தாருக்கும் உரிய முறையில் அறுக்க ஆடுகளையும் உயிருடன் கொண்டு சேர்த்தது. பகலில் குழியின் பக்கவாட்டில் குடைந்த பொந்தில் முடங்கிச் சற்றே உறங்கலாம். அந்தி மங்கியதும் மீண்டும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இருட்டிய பின்னரே உண்மையான வேலை தொடங்கும். அறுந்த முட்கம்பியைக் கட்டுவதும், சரிந்த சுவரை எடுத்துக்கட்டுவதும், தோட்டாப் பெட்டி சுமப்பதும், இறந்தவரைப் புதைப்பதும் இரவு வேலைகள்.

குளிர் மலைமக்களுக்குப் புதிதன்று என்று நாம் எண்ணலாம். ஆனால் மலைக்குளிர் உலர்ந்தது; அதற்கு மாற்றாக வீட்டில் அடுப்பும் கம்பளியும் உண்டு. பிளாண்டர்ஸ் பகுதியின் குளிரோ ஈரக்குளிர். வெப்ப நாட்டுக்கேற்ற பருத்திச் சீருடையுடன் வந்திறங்கியவர்களுக்குக் கம்பளி ஆடை வந்து சேரத் தாமதமாயிற்று. நாள் முழுவதும் நீரில் நின்ற பாதங்கள் வீங்கி மரத்து அழுகின. எறிகுண்டும் முதலில் போதிய அளவு இல்லை. பழப்பாகு வந்த காலி டப்பாக்களில் வெடிமருந்தையும் ஆணிகளையும் அடைத்துத் தாங்களே குண்டு செய்துகொண்டார்கள்.

அந்த நவம்பர் 23ஆம் நாள் இரவு, பெஸ்டூபேர் என்னும் ஊருக்கருகே, எதிரி கைப்பற்றிய பதுங்குகுழிகளை மீட்கும் பணி முதற் பட்டாளத்துக்குக் கிடைத்தது. குழி நேராகச் செல்வதில்லை. மூலைக்கு மூலை திரும்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அப்பால் எதிரி குண்டுடன் காத்திருப்பான். நாயக் தர்வான் சிங் நேகி தலையில் இரண்டிடத்தும் கையிலும் காயம்பட்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னணியில் நின்று நுழைந்தார். விடியுமுன் குழிகள் மீட்கப்பட்டன. டிசம்பர் 5ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் போர்முனைக்கு வந்து விக்டோரியா கிராஸ் பதக்கத்தை அவருக்குத் தம் கையாலேயே வழங்கினார். இந்திய வீரர்கள் அப்பதக்கம் பெறலாம் என்னும் விதி வந்து அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே மாதத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. அவ்வேளையில் இருதரப்பாரும் சில இடங்களில் சுடுவதை நிறுத்தினர் என்பது புகழ்பெற்ற செய்தி. கார்வாலியரின் இரண்டாம் பட்டாளம் இருந்த பகுதியிலும் அது நிகழ்ந்தது. எதிரணி வீரர்கள் குழிகளை விட்டு வெளியே வந்து சற்று நேரம் ஒருவரையொருவர் நேரில் கண்டார்கள். அந்தக் காலத்தில் ஜெர்மானியர் தம் குழிச் சுவர்மேல் விளக்கேற்றி வைப்பது வழக்கமாயிருந்தது. மலையூரில் கார்த்திகை இருளில் ஊரார் எரியும் பந்தங்களைச் சுழற்றித் தீபாவளி கொண்டாடியதை அவ்விளக்குகள் யாரேனும் ஒருவனுக்கு நினைவூட்டியிருக்கக் கூடும்.

இனி, வீரர் மனத்தை அறியும் வழியைக் கூறுகிறேன். அது கடிதம். வீரர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எழுதத் தெரிந்த தோழன் ஒருவன் அருகில் அமர, இவன் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான். கடல் கடந்து, ரயிலேறி, மலைப்பாதையில் நடந்து, வாரங்கள் பல கழித்து அக்கடிதம் ஊர் சேரும். அங்கும் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் படிக்க, முற்றத்தில் கூடிய ஊரே கேட்கும். ஆகவே கணவன் மனைவிக்குச் சொல்ல விரும்பியதை முதலில் ஒரு தோழனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மனைவியோ அதைப் பலர் நடுவே கேட்க வேண்டியிருந்தது.

இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவரும் இருந்தார். அவர் தணிக்கை அதிகாரி. இந்திய வீரர்களின் கடிதங்களைப் படிப்பதற்கென்றே பிரான்சின் புலோன் நகரில் ஓர் அலுவலகம் இயங்கியது. அதன் தலைவர் ஹவல் என்னும் ஆங்கில அதிகாரி. 1915இல் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதப்பட்டன. அவற்றுள் தேர்ந்தெடுத்தவற்றைப் படித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, வீரர்களின் மனநிலை எப்படியிருக்கிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது அவ்வலுவலகத்தின் வேலை. அனுப்பத்தகாதவை என்று கருதப்பட்டவை தடுக்கப்பட்டன. வீரனுடைய ஏக்கம் அரசாங்கத்துக்கு ஒரு புள்ளிவிவரம் போன்றது. படை சோர்ந்துவிடுமோ என்று அளந்து பார்க்கும் கருவி. ஆயினும் காலத்தின் போக்கைப் பாருங்கள்! மலையூரில் படிக்கப்பட்ட மூலக் கடிதங்களுள் மிகப்பல கரையானுக்கும் மழைக்கும் இரையாயின. ஐயத்தினால் பெயர்த்தெழுதி வைத்த பகுதிகளோ இலண்டனில் இன்றும் உள்ளன. வேவு பார்க்க வைத்த கோப்பு வரலாற்றுக்கு ஆவணமாயிற்று.

அக்கடிதங்கள் என்ன சொல்கின்றன? சில அரசருக்கு விசுவாசம் கூறுகின்றன. சில பிரெஞ்சு மக்களின் அன்பைப் புகழ்கின்றன. நிலத் தகராறு, மாட்டின் விலை, தம்பியின் திருமணம், குழந்தையின் உடல்நலம் ஆகியவற்றை விசாரிப்பவை மிகப்பல. போரின் கொடுமையைச் சொல்லப் புகுந்தவர்கள் மகாபாரதத்தைத் துணைக்கழைத்தார்கள். அதைவிடச் சிறந்த அளவுகோல் அவர்களிடம் இல்லை. வெளிப்படையாகச் சொல்லக் கூடாததைக் குறிப்பாலும் சொன்னார்கள். கருமிளகு தீர்ந்துவருகிறது, இனிச் செம்மிளகாய் வருகிறது என்று ஒருவன் எழுதினால், அது சமையற்கட்டுச் செய்தி அன்று. கருமிளகு இந்திய வீரன். செம்மிளகாய் வெள்ளை வீரன். ஊரிலுள்ள இளைஞர்கள் படையில் சேர வேண்டா என்பதே அதன் உட்கருத்து. தணிக்கையாளருக்கும் இது விளங்காமல் இல்லை.

கார்வாலியரின் மொழியில் 'குத்' என்று ஒரு சொல் உண்டு. பிரிந்து வந்த வீட்டையும் உற்றாரையும் எண்ணி நெஞ்சு வலிப்பதை அச்சொல் குறிக்கும். அது பெரும்பாலும் பெண்களின் சொல். வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட மகள், சித்திரை மாதத்தில் 'குகுதி' என்னும் மலைப்புறா கூவக் கேட்டுத் தாய்வீட்டை நினைந்து உருகுவாள். அதைப் பாடும் நாட்டுப்பாடல்கள் அங்கே ஏராளம். பிரான்சின் சேற்றுக்குழியில், கட்டளையின்றி ஓரடி நகர இயலாமல் நின்ற ஆண்மகனுக்குத் தன் சகோதரியின் அந்தத் துயரம் அப்போதுதான் விளங்கியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

காயம்பட்டவர்கள் கடல் தாண்டி இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரைட்டன் நகரில் பழைய அரச மாளிகையே அவர்களுக்கு மருத்துவமனையாயிற்று. பல சாதி சமயத்தாருக்கென ஒன்பது சமையற்கூடங்களும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்களும் அங்கே இருந்தன. வெள்ளைப் படுக்கையும் சித்திர விதானமும் இருந்தும் வீரன் மனம் அமைதியுறவில்லை. காயம் ஆறினால் ஊருக்கு அனுப்புவார்கள் என்று அவன் நம்பியிருந்தான். ஆறியவர்களுள் பலர் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்பட்டனர். உடம்பு தேறுவதே அச்சத்துக்குக் காரணமான நிலையை எண்ணிப் பாருங்கள். 1915ஆம் ஆண்டின் கடிதங்களில் இந்த ஏமாற்றம் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. அந்நகரில் உயிர்நீத்த இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேர் ஊர்ப்புறத்துக் குன்றின்மேல் எரியூட்டப்பட்டார்கள். அவ்விடத்தில் 1921இல் திறக்கப்பட்ட வெண்பளிங்கு மண்டபம் இன்றும் கடலை நோக்கி நிற்கிறது.

1915 மார்ச் 10ஆம் நாள் காலை 7.30 மணிக்கு நூவ் ஷப்பேலில் பீரங்கிகள் முழங்கின. 35 நிமிடம் கழித்துக் காலாட்படை எழுந்து ஓடியது. அதில் கார்வாலியரின் இரு பட்டாளங்களும் இருந்தன. இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த கபர் சிங் நேகி என்னும் வீரர், தெகரி நாட்டில் சம்பா என்னும் ஊருக்கருகே பிறந்தவர். 20 வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அவரும் திருப்பத்துக்குத் திருப்பம் முதலாளாக நுழைந்து எதிரிகளைப் பின்வாங்கச் செய்தார், அவர்கள் சரணடைந்தனர். ஆனால் அப்போரிலேயே அவர் வீழ்ந்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

கார்வாலில் மார்ச் நடுவில் 'பூல்தேயி' என்னும் விழா வரும். மலைச்சரிவில் புரான்ஸ் மரங்கள் செந்தழல் போல் பூத்து நிற்கும். சிறுவர் சிறுமியர் விடியற்காலையில் பூக்கூடை ஏந்தி வீடு வீடாகச் சென்று, வாயிற்படியில் மலர் தூவி, அவ்வீட்டார் நலம் பெறுக என வாழ்த்துவார்கள். நூவ் ஷப்பேல் போர் மார்ச் 13ஆம் நாள் ஓய்ந்தது. இந்தியப் படையில் மட்டும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டும் காயமுற்றும் இருந்தனர். இரண்டொரு நாளில் மலையூர்களில் பிள்ளைகள் வாயில்தோறும் மலர் தூவினார்கள். எந்த வாயிலுக்கு உரியவன் இனித் திரும்ப மாட்டான் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவ்வீட்டுத் தாய்க்கும் தெரியாது. செய்தி இன்னும் கடலில் வந்துகொண்டிருந்தது.

இழப்பு மிகுந்தமையால் கார்வாலியரின் இரு பட்டாளங்களையும் ஒன்றாக இணைக்க வேண்டியதாயிற்று. 1915ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியக் காலாட்படை பிரான்சை விட்டு நீங்கியது.

ஏக்கம் மனிதனைச் சோர்வடையச் செய்யும் என்பது பொதுவான எண்ணம். இவ்வீரர்களிடம் அது வேறொன்றையும் செய்தது. ஊரை நினைத்தவன் ஊரை ஒப்பிட்டும் பார்த்தான். பிரெஞ்சுச் சிற்றூரில் பெண்களும் பிள்ளைகளும் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதைக் கண்டான். தன் கடிதத்தை எழுதப் பிறர் கையை நாடிய தன் நிலையையும் எண்ணினான். நம் பெண்மக்களைப் படிக்க வையுங்கள் என்று இந்திய வீரர்கள் பலர் தம் வீட்டாருக்கு எழுதினார்கள். தர்வான் சிங்கை நோக்கி, உனக்கு என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, கர்ணப்பிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் விடை கூறியதாகக் கார்வால் மக்கள் சொல்லிவருகிறார்கள். அச்சொற்கள் அப்படியே மொழியப்பட்டனவா என்று ஆராய்வது ஒருபுறம் இருக்கட்டும். கர்ணப்பிரயாகையில் போர் நினைவாக ஒரு பள்ளி எழுந்தது உண்மை. பதக்கத்தைவிடப் பள்ளியே பெரிது என்று அம்மக்கள் கருதி அக்கதையைப் போற்றுவதும் உண்மை.

நூவ் ஷப்பேலில் 1927ஆம் ஆண்டு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. வட்ட வடிவில் அமைந்த அதில் தாமரை முடி சூடிய தூண் ஒன்று உயர்ந்து நிற்கிறது. புதைத்த இடம் அறியப்படாத 4,700க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கபர் சிங்கின் பெயரும் அவற்றுள் ஒன்று. சம்பாவிலும் அவருக்கு நினைவிடம் உண்டு. அவர் பிறந்த ஏப்ரல் 21ஆம் நாளில் அங்கே ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் பாடநூலில், இத்தனை ஆயிரம் வீரர் இப்போரில் மாண்டனர் என்னும் வரியைக் காணும்போது சற்றே நின்று படியுங்கள். அந்த ஆயிரத்துள் ஒவ்வொருவனுக்கும் ஒரு வாயிற்படி இருந்தது. அதில் மலர் தூவ ஒரு பிள்ளையும், கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்க ஒரு தாயும் இருந்தார்கள். தணிக்கையாளர் அவனுடைய கடிதத்தைப் படை சோர்ந்துவிடுமோ என்று அறியப் படித்தார். நாம் அதை அவனை அறியப் படிப்போம்.